அப்பாவின் பாதி முகம்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு நாங்கள் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் என் வழக்கம், இன்றைக்கு அந்த வரியைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் தாடையில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது, முதலில் அது நிற்கட்டும். வெட்டியது நான்தான். பயப்படாதே என்று உனக்குச் சொல்ல எனக்கே தைரியம் போதவில்லை, கையைச் சும்மா வைத்திருக்கவும் முடியவில்லை, அதனால் துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் எதிரே ஜன்னலோர நாற்காலியில், வலது தாடையில் துணியை அழுத்திக்கொண்டு, இடது கன்னத்தில் நுரை காயக் காய உட்கார்ந்திருக்கிறார். மாடி வீட்டு நர்ஸுக்கு போன் செய்தேன். "துணிய எடுத்து எடுத்துப் பாக்காதீங்க, விடாம அழுத்துங்க, டியூட்டி முடிஞ்சு வந்துட்டே இருக்கேன், அதுக்குள்ள நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்றாள். இவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆளா, இதுவரை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டார்.

போன வாரம் நீ கேட்டாயே, அப்பாவுக்கு உன் மேல் கோபமா, ஏன் முகத்தையே காட்ட மாட்டேன் என்கிறார் என்று. இந்த வருஷமும் ஊருக்கு வர முடியாது என்று நீ சொன்னதற்குப் பிறகு அவர் வீடியோவில் வரவே இல்லை, நீ அப்படித்தான் நினைப்பாய். கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் கை நடுங்குகிறது. டம்ளரைத் தூக்கினால் பாதிக் காப்பி சட்டையில்தான் போகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் அவ்வளவு பெரிய பெட்டியைச் சத்தமே வராமல் தரையில் உட்கார வைத்த கை அது, இப்போது இப்படி ஆடுவதை அவரால் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் தானே சவரம் செய்யப் போய் ஒரு நாள் மேல் உதட்டை நன்றாக வெட்டிக்கொண்டார். இதயத்தில் வால்வு வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி உனக்குத் தெரியும், அன்று ரத்தம் நிற்பதற்குள் என் உயிர் போய் உயிர் வந்தது. டாக்டர் திட்டிய திட்டில் ரேசரை எடுத்து வைத்தவர், அதோடு வெளியே போவதையும் நிறுத்திவிட்டார். தாடி வளர வளரப் பேச்சும் குறைந்துபோனது. நீ எப்போதோ அனுப்பிய எலெக்ட்ரிக் ஷேவரைப் போட்டால் கழுத்தெல்லாம் தடித்துப்போகிறது, அதற்கு மோட்டார் சீப்பு என்று பெயர் வைத்து அலமாரியில் போட்டுவிட்டார். சலூன்காரர் வீட்டுக்கே வருகிறேன் என்றார். "என் கை ஆடறத ஊரே பாக்கணுமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சரி, நானே கற்றுக்கொள்கிறேன் என்று இறங்கினேன். இரண்டு பக்கமும் வெட்டும் அந்தப் பழைய ரேசரை நான் அதுவரை தூசி துடைக்கத் தவிர தொட்டதில்லை. மூடியைக் கழற்று, பிளேடைக் குட்டைப் பக்கமாகப் பிடி, மூடியை வைத்துக் கைப்பிடியை இறுகத் திருகு என்று அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்லச் செய்தேன். யாராவது அவரிடம் ஏதாவது சொல்லித்தரக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டதோ, குரலே மாறிவிட்டது. மனிதத் தோலில் கை வைக்குமுன் ஒரு தலையணையில் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டி, நுரை தடவி அதில் பழகினேன், தாடி மாதிரியே அதிலும் ரோமம் ஒரு பக்கமாகத்தானே படிந்திருக்கிறது. முதலில் ரேசர் தலையைத் தட்டையாக வைத்து, கைப்பிடியை மெல்ல மெல்லக் கீழே இறக்கி, அறுபடும் சத்தம் கேட்டதும் அந்தச் சாய்விலேயே நிறுத்த வேண்டும். "அழுத்தாத, அதோட எடையே போதும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வெல்வெட் துண்டு கிழிந்தது, மூன்றாவது தப்பியது. இன்று காலை தாடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டிவிட்டு, அவர் கழுத்தில் முடி எந்தப் பக்கம் படிகிறது என்று தையல் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வைத்தேன். நுரை தடவியதும் எல்லாம் அழிந்துவிட்டது. அந்தப் புத்திசாலித்தனத்துக்கு அவர் வயிறு குலுங்கச் சிரித்தார், நான்தான் ஆடாதீர்கள் என்று அதட்டினேன்.

கன்னம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. கத்தரி பிடித்த பழக்கம் என்னைக் கெடுத்துவிட்டது. துணியில் நடுவில் நிறுத்தி நிறுத்தி வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும், ஒரே ஓட்டமாக ஓட்டினால்தான் நேராக வரும். முகத்தில் அப்படிச் செய்யக்கூடாதாம், சின்னச் சின்னதாக இழுத்து, எடுத்து, கழுவி, மறுபடி வைக்க வேண்டுமாம். அவர் அதைச் சொல்லித்தான் இருந்தார். கன்னம் வழுவழு என்று வந்த சந்தோஷத்தில் காதிலிருந்து தாடை எலும்பைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டேன். எலும்பு திரும்பியது, என் கை திரும்பவில்லை. நுரை இளஞ்சிவப்பானது. ரேசர் என் கையில் ஆடுவதை அவர் பார்த்துவிட்டு, "அத மொதல்ல கீழ வை" என்றார்.

இப்போது எழுந்து போய்ப் பார்த்தேன். துணி நனைந்துவிட்டது, வேறு துணியை அதன் மேலேயே வைத்து என் கையால் அழுத்திக்கொண்டு நின்றேன். இனிமேல் இந்த ரேசரைத் தொடவே மாட்டேன், தாடியோடே இருங்கள், உங்கள் மகள் உங்களைத் தாடியோடு பார்த்தால் குடியா முழுகிவிடும் என்று கத்திவிட்டேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வருகிறது, உனக்குத் தெரியாததா. அவர் என் கைக்குள் தாடையை வைத்துக்கொண்டே, பல்லைத் திறக்காமல், "தாடி ஏன்னு கேப்பா, நடுங்குற கைய அவ பாத்தா வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவா" என்றார். இதுதான் விஷயம் கண்ணே. இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார், அதனால் நான் சொல்கிறேன்.

நர்ஸ் வந்து பார்த்தாள். துணியை அவளே மெல்ல எடுத்தாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ரத்தம் நின்றுவிட்டதாம். காயம் சின்னதுதானாம், மாத்திரையால்தான் இவ்வளவு நேரமாம், இன்று முழுவதும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். நான் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். ரேசரைக் கழுவி, பிளேடைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று எழுந்தபோது, உன் அப்பா காய்ந்துபோன நுரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்த யாரு முடிப்பா" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். பிரஷை நனைத்து அவரே எடுத்து நீட்டினார், கை ஆடியது, அதை மறைக்கவும் இல்லை.

இடது பக்கம் முடிந்தது. சின்னச் சின்னதாகத்தான் இழுத்தேன், ஒரு கீறல் இல்லை. மீசையை மட்டும் தொடவில்லை, அதற்கு இன்னும் என்னை நம்ப மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தாடையில் பிளாஸ்டர் இருக்கும், கையில் டம்ளர் இருக்கும், இரண்டையும் பார்த்து அழுது வைக்காதே, உன் வேலையைப் பற்றிப் பேசு. வேலையை விட்டு ஓடி வரவும் வேண்டாம், லீவு கிடைக்கும்போது வா. பிளேடு நல்லதாக இரண்டு பாக்கெட் அனுப்பு, மறந்துவிடாதே. நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக முடிந்து, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இங்கு நாங்கள் நலம்.

உன் அன்பு அம்மா