நகம் கீறிய கல்

இன்று காலை வயலுக்கு ஜிப்சம் மூட்டைகள் வந்து இறங்கின. கீழண்டை வயல் களர் பாய்ந்து கிடக்கிறது, போட்டால்தான் பயிர் பிடிக்கும் என்றார்கள். ஒரு மூட்டை ஓரம் கிழிந்து வாசலெல்லாம் வெள்ளைத் தூள். பெருக்கப் போனவள், தூளுக்கு நடுவே கிடந்த சின்னக் கட்டி ஒன்றை எடுத்து, கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழு இழுத்தேன். பளிச்சென்று கோடு விழுந்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது, பாதகத்தி. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடங்க வேண்டாம் என்றும்தான் இருக்கிறேன்.

இந்தப் பூதலூர் வீட்டுக்கு நான் மூத்த மருமகள், நீ இளையவள். நான் வந்தபோது என் பெட்டியில் கூறைப்புடவைக்கு அடியில் கற்கள் இருந்தன. எங்கள் வல்லத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்த ஸ்படிகம், கல்லூரியில் மயில்துத்தக் கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டு நானே வளர்த்த நீலப் படிகம். பிறகு டியூஷன் எடுத்த காசில் மகாராஷ்டிரத்துக் குவாரிகளிலிருந்து பச்சையும் ஊதாவுமாகத் தபாலில் வரவழைத்தேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். நீ மட்டும்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். கல்லை அடியில் பிடிக்கவேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது, காலை வெயிலில் மெல்லத் திருப்பினால் ஒவ்வொரு பட்டையாக வெளிச்சம் ஏறி இறங்கும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நன்றாகத்தான் கற்றுக்கொண்டாய்! எந்தக் கல் எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதையும் சேர்த்து.

அந்த ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு கோடியக்கரையில் தலைமுழுகிவிட்டுத் திரும்பும்போது உப்பளத்து ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். பாத்தியிலிருந்து வாரிப் போட்ட கறுப்புச் சேற்றில் ஏதோ மின்னியது. "கண்ணாடிச் சில்லுக்கா, கால்ல குத்திடப் போவுது, தூரப் போடுங்க" என்றாய். நான் உட்கார்ந்து விரலால் சேற்றை விலக்கி எடுத்தேன். ஜிப்சம் படிகம். உள்ளங்கை நீளம். இரண்டு படிகங்கள் ஒட்டிப் பிறந்து, நுனி மீன்வால் மாதிரி விரிந்திருந்தது. அந்தப் பக்கம் பிடித்த விரல் ரேகை இந்தப் பக்கம் தெரிகிற தெளிவு. உள்ளே மட்டும், அது வளரும்போது மாட்டிக்கொண்ட சேறு, ஊதுவத்திப் புகை போல ஒரு கீற்றாக நின்றது. வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"ஜிப்சமா? வயலுக்கு மூட்டை மூட்டையாப் போடறோமே, அந்த உரமா? அதுக்கா இவ்ளோ அலட்டல்?" என்றார் மாமியார். வீடே சிரித்தது. தஞ்சாவூர்க் கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் அம்மா ஒருவர் நேரில் வந்து பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது. துறை அலமாரியில் நடுத்தட்டில் வைப்போம், கீழே கண்டெடுத்தவர் என்று உங்க பேரை எழுதுவோம் என்றார். என் பேர்! இந்த வீட்டுப் பத்திரத்தில், வயல் பட்டாவில், ஏன், கல்யாணப் பத்திரிகைகளில்கூட என் பேர் தனியாக வந்ததில்லை. அன்றைக்கு நீ அடுப்படியில் சொன்னது எனக்குக் கேட்டது. "நான்தான் மொதல்ல பார்த்தேன். சொன்னா யாரு நம்பறாங்க?"

கல்லை வாங்கிப் போக அந்த அம்மா வந்த நாளில் எல்லோருக்கும் முன்னால் துணியைப் பிரித்தேன். முன்முகத்தின் குறுக்கே, மேலிருந்து கீழ்வரை, இரண்டு கோடுகள். அவர் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "நகத்தால கீறியிருக்காங்கம்மா. முகமே போயிடுச்சே" என்றார். கல்லை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் கார் தெரு திரும்பியதும் உன்னைக் கேட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாய். "கல்லை நகம் கீறுமாக்கா? எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"நீயே சொல்லு! கல்லாச்சே அது!" என்றார் மாமியார்.

நான் உள்ளே ஓடி வேறொரு ஜிப்சம் துண்டை எடுத்துவந்து, அத்தனை பேருக்கும் முன்னால் என் நகத்தால் கீறிக் காட்டினேன். கோடு விழுந்தது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் நிமிர்ந்தேன். நீ கண் இமைக்காமல் சொன்னாய்: "அப்ப நீங்கதானேக்கா கீறியிருக்கணும். உங்களுக்குத்தானே தெரிஞ்சிருக்கு."

என்ன மூளையடி உனக்கு! என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அதிலிருந்து இந்த வீட்டில் டம்ளர் நசுங்கினாலும், சுவர் விரிசல் விட்டாலும், "அக்கா நகம் பட்டிருக்கும்" என்பது உன் வேடிக்கையாகிப் போனது. நான் சொன்னது ஒன்றுகூட ஏறவில்லை. பால்காரன் ஏமாற்றுகிறான் என்றாலும், வடிகால் அடைத்திருக்கிறது என்றாலும், "நகம் கீறின கதையா?" என்பார்கள். உன்னை ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் ஒப்புக்கொள்ள வைக்கிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே உனக்குச் சோறு போட்டேன். நீயும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டாய்.

அப்புறம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. தப்பித்துவிட்டாளே என்றுதான் வந்தது.

குளிப்பாட்டும்போது உன் வலது கையை நான்தான் பிடித்தேன். மஞ்சள் பூசிக்கொண்டே வந்தவள் கட்டைவிரலில் நின்றேன். கல் கிடைப்பதற்கு முன்பே கிரைண்டர் குழவியில் நசுங்கிய விரல். நசுங்கிய அன்று அதில் துணியைச் சுற்றிக்கொண்டு உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்து ஓடியவள் நான். நகம் திரும்பி முளைத்தபோது நடுவில் பிளந்து, இரண்டு முனையாக வளர்ந்திருந்தது. கல்லில் இரண்டு கோடுகள். நீ இரண்டு தடவை கீறினாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் ஒரு முட்டாள்.

உனக்குப் பட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து கல்லை எடுத்துவந்தேன். உன் கட்டைவிரலை அந்தக் கோடுகளின் மேல் வைத்தேன். இரண்டு முனையும் இரண்டு கோட்டிலும் அச்சாக உட்கார்ந்தன. கை விறைத்துப் போயிருந்ததால் கல் உன் கையிலேயே நின்றது.

மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். "பாருங்கடி, தான் ஆசைப்பட்ட கல்லை அவ கையிலயே குடுத்து அனுப்பறா! எந்த ஓரகத்திக்கு இந்த மனசு வரும்? கூடவே போவட்டும்டி, எடுக்காத."

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்து உருகினார்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருந்தால் ஊரே என்னைக் கும்பிட்டிருக்கும். கல் உன்னோடு போய் நெருப்பில் வெள்ளைத் தூளாக உதிர்ந்திருக்கும். கீறலும் போயிருக்கும், சாட்சியும் போயிருக்கும். கடைசியிலும் நீயே ஜெயித்திருப்பாய்.

"இல்ல அத்தை. இது அவளுக்கு இல்ல" என்று கல்லைப் பிடுங்கினேன். "அவ நகம்தான் கீறுச்சு. இதோ பிளந்த நகம், இதோ ரெண்டு கோடு. பாருங்க!"

அழுகைச் சத்தம் நின்றுவிட்டது. யாரோ "அடிப்பாவி" என்றார்கள், என்னைத்தான். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கல்லைப் பார்த்தார், உன் விரலைத் தூக்கிப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"கீறித்தான் இருக்கா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார்.

அது உனக்குக் கேட்டிருக்காது. கேட்கவேண்டியவள் நீ ஒருத்திதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒப்புக்கொண்டுவிட்டார்கள், தெரிந்துகொள்.

ஈரத் துணியால் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் அந்தக் கோடுகள் மறைந்துவிடும், முகத்தின் பளபளப்பும் கூடவே போய்விடும், அவ்வளவு மெத்தென்ற கல். நான் தேய்க்கவில்லை. தேய்க்கவும் விடமாட்டேன். அலமாரியில் கீறிய முகத்தை வெளிப்பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் உன் படத்துக்கு மாலை போடுவதோடு சரி. மாமியாருக்கு இப்போது யார் பேரும் நினைவில் நிற்பதில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் கல்லைப் பார்த்துவிட்டு, "ஐயோ, நல்ல கல்லு, இது என்ன கீறல்?" என்று கேட்கிறார்கள். நான் உன் பேரைச் சொல்கிறேன். முழுப் பேரையும், சத்தமாக, ஒவ்வொரு தடவையும். இந்த வீட்டில் இப்போது உன் பேரைச் சொல்கிறவள் நான் ஒருத்திதான்.