கிடங்கை மூட விடமாட்டேன்

வெண்கல்லடி
12.05.2024

தனுஷிகாவின் அப்பாவுக்கு,

இங்கு நான் சுகம். தங்கமுத்து மச்சாள் வீட்டில் நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் எடுத்தால் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும். அதனால் எழுதுகிறேன்.

கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை கொப்பு முறியக் காய்த்திருக்கிறது. கரவெட்டிக்கு வருகிற தில்லைநாதன் அண்ணையிடம் ஒரு பை கொடுத்து விடுகிறேன். மச்சாள் என்மேல் உள்ள கோபத்தை மாம்பழத்தில் காட்டமாட்டா.

நேற்று பிரதேச சபைச் சுவரில் ஓர் அறிவித்தல் பார்த்தேன். கல் வெட்டியெடுத்த பள்ளம், நமது பிள்ளை விழுந்த அந்தக் கல்லுக்கிடங்கை, நகரத்துக் குப்பை கொட்டி மூடப் போகிறார்களாம். "பாதிக்கப்பட்ட பெற்றோரின் வேண்டுகோளின்படி" என்று போட்டிருந்தார்கள். பெற்றோர் என்றால் இரண்டு பேர். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

இது முழுக்கச் சுண்ணாம்புக்கல் நிலம். கிடங்கில் கிடக்கிற தண்ணீரும் எங்கள் கிணறுகளில் ஊறுகிற தண்ணீரும் ஒன்றுதான். நான் இந்த ஊரின் மருத்துவமாது. அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்கிற வீடுகளுக்குத்தான் தினமும் போகிறேன். அதற்குள் குப்பை கொட்டவிட்டு அந்தத் தாய்மாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

உங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யமாட்டேன். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். இதை நான் எதிர்ப்பேன்.

சுபாஜினி

—

கரவெட்டி
25.05.2024

சுபாஜினிக்கு,

மாம்பழம் கிடைத்தது. அக்கா சாப்பிட்டா. எனக்கு மனம் வரவில்லை.

எதிர்ப்பாய் என்று எழுதியிருக்கிறாய். எதிர். நீ எப்போது என் சொல் கேட்டாய்? மழை நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நான் சொல்லாத நாள் இல்லை. தாயும் மகளும் சிரித்துவிட்டுப் போனீர்கள். நீ மட்டும் திரும்பி வந்தாய்.

ஊருக்குள் இருக்க முடியாமல்தான் கூட்டுறவுச் சங்கத்தில் இடமாற்றம் கேட்டு இங்கு வந்தேன். இங்கும் கண்ணை மூடினால் அந்தக் கிடங்குதான் தெரிகிறது. நான் ஒருநாளும் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்காமலே தெரிகிறது. அது உலகத்தில் இல்லாமல் போக வேண்டும். மண்ணால் மூடச் சொல்லித்தான் முதலில் கேட்டேன். அவ்வளவு மண்ணுக்கு எங்கே போவது, குப்பை என்றால் மூடலாம் என்றார்கள். சரி என்றேன்.

இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்குகளைச் சுற்றி நடக்கிறாயாமே? தில்லைநாதன் சொன்னார். நான் நம்பவில்லை என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

இராசநாயகம்

—

வெண்கல்லடி
16.06.2024

தனுஷிகாவின் அப்பாவுக்கு,

தில்லைநாதன் அண்ணை பொய் சொல்லவில்லை. நடக்கிறேன். பிள்ளையோடு கம்பசில் படித்த ஜெசிதாவும் ஊர்ப் பெண்கள் சிலரும் வருகிறார்கள்.

நீங்கள் பார்க்காததால் சொல்கிறேன். துருப்பிடித்த தண்டவாளத்தைத் தாண்டி நாயுண்ணிப் பற்றைக்குள்ளால் போனால் வெள்ளைச் சுவர்கள் திடீரென்று கீழே இறங்கும். யந்திரம் வெட்டிய பல் தடம் இன்னும் கல்லில் தெரியும். சில கிடங்குகளில் முள்ளு மண்டி மயில் அடைகிறது. சிலவற்றில் தண்ணீர். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் கல்லுக்குள் சிப்பி இருக்கிறது. இதெல்லாம் ஒருகாலம் கடலுக்கு அடியில் கிடந்த நிலம் என்று எனக்குச் சொல்லித்தந்தது உங்கள் மகள்தான். நான் அவளைக் கூட்டிப்போகவில்லை. அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள்.

அன்றும் அப்படித்தான். மழை விட்டிருந்தது. அவள் முன்னால் நடந்தாள். "அம்மா, கெதியா வாங்கோ, இதிலை பெரிய சிப்பி ஒண்டு கிடக்கு" என்று குனிந்தாள். விளிம்பு அப்படியே இறங்கியது. நானும் குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. ஆடு மேய்க்க வந்தவர்கள் கயிறு போட்டு என்னை இழுத்தார்கள். ஏன் இழுத்தார்கள் என்று பல நாள் அவர்களைத் திட்டியிருக்கிறேன்.

இதை ஒருமுறைதான் எழுதுவேன், கேளுங்கள். நான் செய்தது குற்றம் இல்லை. பிள்ளை ஆசையோடு கூப்பிட்ட இடத்துக்குத் தாய் போவது குற்றம் இல்லை. சீமெந்து ஆலைக்காரர் கல்லை வெட்டி அள்ளிக்கொண்டு, சுற்றி ஒரு கம்பிகூடக் கட்டாமல் விட்டுப் போனார்களே, அதுதான் குற்றம். இப்போது இன்னொருவர் விழாமல் விளிம்போரமாகக் கட்டை நட்டுக் கம்பி இழுத்துக்கொண்டு வருகிறோம். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை நடை என்கிறார் தில்லைநாதன் அண்ணை.

இன்னொன்று. போன கிழமை ஜெசிதா ஒரு பச்சைச் சாயம் கொண்டுவந்தாள். தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று பார்ப்பதற்குப் பாவிப்பார்களாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு நம் கிடங்கில் கரைத்தோம். மூன்றாம் நாள் பிள்ளையார் கோயில் கிணறு பச்சை. பிறகு எங்கள் கிணறு. பிறகு சபைத் தலைவர் வீட்டுக் கிணறு. ஐயர் வாளியோடு நின்று, "பிள்ளை, நான் இனிப் பிள்ளையாரை எதாலை குளிப்பாட்டுறது?" என்றார். "இப்ப சாயம் ஐயா. குப்பை வந்தால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன். அவரும் இப்போது எங்களோடுதான்.

சுபாஜினி

—

கரவெட்டி
02.07.2024

சுபாஜினிக்கு,

என் பிள்ளை கடைசி மூச்சு விட்ட தண்ணீரில் சாயம் கரைத்து விளையாடினாயா? உன்னைப் பொலிஸ் கூப்பிட்டு விசாரித்ததாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிணறு பச்சையானால் குழாய்த் தண்ணீர் தருவார்கள். தருவோம் என்று சபையில் எனக்கு வாக்குத் தந்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் கூட்டம். நான் வருவேன். தகப்பன் என்று எழும்பி நின்று பேசுவேன். நீ எதிரில் இருந்தாலும் பேசுவேன்.

இராசநாயகம்

—

வெண்கல்லடி
30.07.2024

தனுஷிகாவின் அப்பாவுக்கு,

பேசினீர்கள். கேட்டேன். "என்ரை பிள்ளையை விழுங்கின கிடங்கு, அதை மூடித் தாங்கோ" என்று நீங்கள் சொன்னபோது மண்டபத்தில் அழாதவர்கள் இல்லை. நானும் அழுதேன். பிறகு எழும்பி உங்களுக்கு எதிராகப் பேசினேன். இரண்டும் நான்தான்.

எத்தனை மெலிந்துவிட்டீர்கள். சேர்ட் தோளில் நிற்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பக்கம்தான் வென்றது. வருகிற திங்கட்கிழமை லொறிகள் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். சபை சொல்லிவிட்டதால் நான் வீட்டில் இருப்பேன் என்று நினைக்க வேண்டாம். பெண்கள் எல்லோருமாகப் பிரதான வீதியில் குந்தப் போகிறோம். கைக்குழந்தைக்காரிகளும் வருகிறார்கள். "அக்கா, மனுசனுக்கு எதிரா நிக்கிறது பாவமில்லையோ?" என்று ஒருத்தி கேட்டாள். "மனுசனுக்கு எதிரா இல்லை. லொறிக்கு எதிரா" என்றேன்.

அன்றைக்கு நீங்கள் அங்கே வர வேண்டாம். உங்கள் கண்ணுக்கு முன்னால் என்னைத் தூக்கி ஜீப்பில் போட்டால் நீங்கள் தாங்கமாட்டீர்கள்.

சுபாஜினி

—

கரவெட்டி
07.08.2024

அன்புள்ள சுபாஜினிக்கு,

வந்தேன். நீ வீதியில் குந்தியிருந்ததைத் தூரத்தில் கண்டேன். கிட்ட வரத் துணிவு இல்லை. மோட்டார் சைக்கிளைப் பனங்காட்டுக்குள் விட்டுவிட்டுக் தண்டவாளப் பக்கத்தால் நடந்து போனேன். கிடங்கு மூடப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒரேயடியாகத் திரும்பிவிடலாம் என்று எண்ணம்.

விளிம்பில் போய்ப் பார்த்தேன். பேய் மாதிரி ஏதோ இருக்கும் என்று இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தெளிந்த தண்ணீர், சுபா. அடிக்கல்கூடத் தெரிந்தது. நீங்கள் நட்ட கட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களை ஏமாற்றிவிட்டு இரண்டு லொறி பின்பாதையால் வந்தன. முதல் லொறி எனக்கு முன்னாலேயே கொட்டியது. சந்தைக் கழிவு, கோழிக் குடல், யாரோ பிள்ளைக்குக் கட்டிய அழுக்குத் துணி. எல்லாம் தண்ணீரில் விரிந்து பரவியது. என் பிள்ளை கிடந்த இடம். என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று எனக்கே தெரியாது.

மற்ற லொறிக்கு முன்னால் போய் நின்றேன். சாரதி என்னைக் கூட்டத்தில் கண்டவன். "அண்ணை, நீங்கள்தானே நிரப்பச் சொல்லிக் கேட்டனீங்கள்?" என்றான்.

"ஓம், நான்தான் கேட்டனான். இப்ப நான்தான் வேண்டாம் எண்டுறன். திருப்படா லொறியை!"

"எனக்கு ஓடர் இருக்கு அண்ணை."

"அப்ப என்ரை மேலாலை ஏத்து."

அவன் ஏற்றவில்லை. திருப்பினான். மறுநாள் சபைக்குப் போய் என் வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தகப்பன் பெயரை வைத்து இனி ஒரு கூடை குப்பையும் அங்கே போகாது.

நான் வீட்டுக்கு வரட்டுமா? வந்தால் ஒன்றே ஒன்று கேட்பேன். நீ இனி அந்தப் பக்கம் நடக்கக் கூடாது. கட்டை நடுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இன்னொருத்தரையும் இழக்க என்னால் முடியாது.

இராசநாயகம்

—

வெண்கல்லடி
11.08.2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பிறகு ஜெசிதாவை வாசிக்கச் சொல்லி இருந்து கேட்டேன்.

திட்டம் நின்றுவிட்டதாக அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். அன்று கொட்டிய குப்பையை நீண்ட தடியில் வலை கட்டி இரண்டு நாளாக இழுத்தெடுத்தோம். ஐயரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் கையில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. கிணறுகளுக்குக் குளோரின் போட்டிருக்கிறோம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீடு உங்களுடையது. வருவதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்த நிபந்தனையோடு வர வேண்டாம். நான் நடப்பேன். இந்தப் பக்கத்துக் கிடங்குகளில் பாதிக்கு இன்னும் கம்பி இல்லை. விளிம்பில் ஒரு பிள்ளை குனிகிற இடமெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். பயம் எனக்கும் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் நடக்கிறேன். உங்களுக்காக இதை விட்டால், பிறகு உங்களைப் பார்க்கும் நேரமெல்லாம் விட்டது ஞாபகம் வரும். அப்படி ஒரு வாழ்க்கை நமக்கு வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை வடக்குக் கிடங்குகளுக்குப் போகிறோம். என்னை மறிக்க என்றால் கரவெட்டியிலேயே இருங்கள், கோபிக்கமாட்டேன். நடக்க என்றால் செருப்போடு வர வேண்டாம், கல் வழுக்கும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள். கட்டைக்குக் குழி தோண்டுகிற அலவாங்கு பாரம், தூக்குவதற்கு ஆம்பிளை ஒருத்தரும் இல்லை.

சுபாஜினி