வேரோடு செருகிய பூ

ஹாலிஎல
4.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி லெட்சுமி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். உங்கள் சுகமும் மதினி சுகமும் அறிய ஆசை. ஒரே ஆற்றின் மேலும் கீழும் இருந்துகொண்டு தபாலில் பேசுகிறோம். உங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ் அப்படி!

தவமணி நன்றாகப் படிக்கிறாள். ஆனால் சனிக்கிழமைகளில் உங்கள் மகள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் எடுக்கும் அணைக்கட்டை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளும் நானும் பிடுங்கி, பாறையில் காயப்போட்டு எரிக்கிறோம். அடுத்த கிழமை மறுபடியும் அவ்வளவு. மழை பிடித்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கீழ் லயத்துக்குள் ஏறும்.

இது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நேற்று ஒரு செடியின் வேரில் சரிகைத் துண்டு சிக்கியிருந்தது. "அத்தை, இது அப்பா போன வருஷம் கரகத்துல சுத்துன சரிகை" என்றாள் தவமணி.

போன சித்திரையில் சாமந்தி கிடைக்கவில்லை என்று துரை பங்களாக் குளத்திலிருந்து இந்த ஊதாப் பூவைக் கொண்டுவந்தீர்கள். கிள்ளினால் வாடிவிடும் என்று வேரோடு செருகினீர்கள். கரகத்தை ஆற்றில் விட்டபோது வேரும் ஆற்றோடு வந்துவிட்டது. ஒரு செடி போதும் அண்ணா, குட்டி போட்டுப் பெருகும். இந்த முறை வேறு பூ வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சாமந்தி வளர்க்கிறார்கள். நானே கொண்டுவந்து தருகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
லெட்சுமி


மேற்பிரிவு
12.3.1979

தங்கச்சி லெட்சுமிக்கு,

உன் கடிதத்தைக் கோயில் கமிட்டியில் வாசித்துக் காட்டினேன். என் புத்தி கெட்ட வேலை. "தலைவர் தங்கச்சி அம்மன் பூவையே குப்பைங்கிறாளா?" என்று கேட்டார்கள். தலை நிமிர முடியவில்லை. அந்தப் பூவோடு கரகம் எடுத்த பிறகுதான் தோட்டத்தில் அம்மை நின்றது என்று சனம் நம்புகிறது. இந்த வருஷமும் அதே பூதான். நீ ஒன்றும் கொண்டு வர வேண்டாம்.

பிள்ளையைப் படிக்க அனுப்பினேன், ஆற்றில் இறங்க அல்ல. உடனே அனுப்பிவிடு. திருவிழா முடிந்ததும் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கிறேன். மதினியோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கப் பழகட்டும்.

அழகர்


ஹாலிஎல
20.3.1979

அண்ணா,

தவமணியிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

கமிட்டியில் வாசிக்கவா நான் எழுதினேன்? நான் கும்பிடாத அம்மனா? மனசு வெந்துபோயிருக்கிறது. போன கிழமை மழையில் கீழ் லயத்தில் இரண்டு வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பச்சைப்பிள்ளைக்காரி ஒருத்தி பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறாள்.

கோபம் என் மேல் என்றால் என்னோடு பேசாதீர்கள். அவள் படிப்பில் கை வைக்காதீர்கள். அவளைப் பெரட்டில் நிறுத்தினால் உங்கள் வாசலை நான் இனி மிதிக்க மாட்டேன்.

அவள் பெட்டியில் ஒரு வெறும் சாக்கு இருக்கும். ஸலீம் நானா கடையில் கேட்டு வாங்கியது. செடி அள்ளும் சாக்கு உனக்கு அங்கே எதற்கு, வைத்துவிட்டுப் போ என்றேன். கேட்கவில்லை.

லெட்சுமி


மேற்பிரிவு
29.4.1979

தங்கச்சிக்கு,

திருவிழா முடிந்தது. கரகத்தில் அதே பூதான் வைத்தோம், வேரோடுதான்.

ஆற்றில் விடப் போனால், பத்து முழம் கீழே தவமணி தண்ணீருக்குள் நிற்கிறாள். இரண்டு கல்லுக்கு நடுவில் சாக்கை விரித்துப் பிடித்திருக்கிறாள். மேளம் நின்றுவிட்டது. சனம் முழுக்க என்னைப் பார்த்தது. "ஏறுடி மேல!" என்று கத்தினேன்.

"நீங்க சாமிய விடுங்கப்பா. நான் தடுக்கல. அத்தை பக்கம் போகாமப் புடிச்சிக்கிறேன், அவ்வளவுதான்" என்றாள். குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

அடிக்கத்தான் கை வந்தது. ஆனாலும் இறங்கிக் கரகத்தை விட்டேன். செடிகள் மிதந்து போய்ச் சாக்கில் விழுந்தன. இரண்டு கொத்து தாண்டி ஓடியது. பிடிக்கப் பாய்ந்தவள் வழுக்கிவிட்டாள். ஓடிப்போய், கரகம் ஏந்திய கையால்தான் அவளைப் பிடித்தேன். மற்றக் கையில் ஒரு கொத்து அகப்பட்டது. இன்னொன்று போய்விட்டது.

சாக்கில் இருந்ததைக் கோயிலுக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறேன். கமிட்டிக்கு இனி நான் தலைவர் இல்லை. அந்தப் பேச்சு வேண்டாம். பெரட்டில் பேர் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை நானே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

போன அந்த ஒரு கொத்து உன் பக்கம்தான் வருகிறது. அது வருகிறதா என்று அணைக்கட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்படி பிள்ளைகளிடம் சொல். தண்ணீர் கூடுதலாக இருந்தால் யாரையும் இறக்காதே. நான் வந்து இறங்குகிறேன்.

உன் அண்ணன்,
அழகர்