திரளாத வெங்காயம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். மரியாதை இத்தோடு முடிந்தது. மற்றதை உட்கார்ந்து படி.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறந்தாலே நீ மீட்டிங்கில் இருக்கிறாய். அப்பாவும் பக்கத்தில் நின்று, திட்டாதே திட்டாதே என்று ஜாடை காட்டுகிறார். இந்தக் கடிதமே அவர் எழுதச் சொன்னதுதான். போன வருஷம் நீ அனுப்பிய வெங்காய விதையில் இன்னொரு பாக்கெட் வேண்டுமாம். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிட்டியா எழுதிட்டியா என்று என் உயிரை எடுக்கிறார். நல்லவேளை, அவர் மூக்குக்கண்ணாடி உடைந்து கிடக்கிறது. இதில் இருப்பது அவர் கண்ணில் படாது.

விதை எங்கே வாங்குவது என்று இந்த வீட்டில் என்றைக்காவது பேச்சு வந்திருக்கிறதா? கொல்லையில் நாலு பாத்தி, தெருமுனையில் விதைக்கடை. அப்பா போவார், கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பார், போன தடவை கொடுத்த வெண்டை முற்றல் என்பார், அவர் உமக்குத் தண்ணீர் விடத் தெரியவில்லை என்பார். கடைசியில் கடைக்காரர் ஒரு சிட்டிகை விதை கூடுதலாகப் போட்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். அப்பாவுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அது.

அதில்தான் நீ மண்ணை அள்ளிப் போட்டாய். டப்பாவில் திறந்து வைத்த விதையெல்லாம் கலப்படம், அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க, நான் இங்கேயிருந்து நல்ல கம்பெனி விதை அனுப்புகிறேன் என்று வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் பெரிய பிரசங்கம் செய்தாய். நம் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. மகன் சொன்னால் வேதவாக்கு. நேரே போய் நாலு பேர் முன்னால் அதை அப்படியே ஒப்பித்துவிட்டு வந்தார். கடைக்காரர் அவருக்காக மடித்து வைத்திருந்த பொட்டலத்தைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தாராம். அதன் பிறகு அப்பா எதிர்ச்சாரியில்தான் நடக்கிறார்.

உன் விதை வந்தது. பளபளவென்று பாக்கெட், அதன் மேல் குழந்தை தலை அளவு வெங்காயப் படம். விதைத்ததும் அந்தக் காலி பாக்கெட்டைக் குச்சியில் செருகி, தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி வேலி ஓரம் நட்டு வைத்தார். மகன் அனுப்பினது, மகன் அனுப்பினது என்று பால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. வெங்காயத் தாள் முழங்கால் உயரம் வந்தது. அடியில் மட்டும் ஒன்றுமே திரளவில்லை. விரல் தடிமன், அவ்வளவுதான். எருப் போட்டார், தண்ணீரைக் குறைத்தார், கூட்டினார். ஒரு நாள் காற்றில் குச்சி சாய்ந்தது. பாக்கெட்டை எடுத்து நான்தான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் உலகப் படம் போட்டு, எந்தெந்த நாட்டில் இது விளையும் என்று பச்சை அடித்திருக்கிறான். கோடையில் நெடுநேரம் வெளிச்சம் இருக்கிற ஊரில்தான் இந்த ஜாதி திரளுமாம். நாம் இருக்கிற இடத்தில் பச்சையே இல்லை.

எங்கள் ஊரில் ராத்திரி சாப்பிடும்போதுகூட வெயில் அடிக்கிறது என்று நீதானே பீற்றிக்கொண்டாய்? இங்கே பொழுது எப்போது சாயும் என்பது மறந்தே போய்விட்டதா? அவ்வளவு படித்தவனுக்கு ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கத் துப்பில்லை. உன்னை வெங்காயம் என்று திட்டலாம் என்றால் அதுவும் இந்த வீட்டில் மரியாதையான சொல் ஆகிவிட்டது.

அப்பாவிடம் அதைக் காட்டினேன். அவர் பாக்கெட்டை வாங்கிப் பழையபடி படம் தெரிகிற மாதிரி நட்டார். அவனிடம் சொல்லாதே என்றார். அதற்கு மேல் கேள். சந்தையில் பெரிய வெங்காயமாகப் பொறுக்கி வாங்கிவந்து, தாளுக்கு அடியில் பாதி புதைத்து, உன் அத்தானை விட்டுப் படம் எடுக்கச் சொல்லி உனக்கு அனுப்ப வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். முழு வெங்காயத்தை மண்ணில் மறைத்தவர் நம் அப்பா ஒருவர்தான். நீ அதை ஊருக்கெல்லாம் காட்டி, பார்த்தீர்களா என் விதையை என்று மார்தட்டினாயே, அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாமல் போனாய்.

ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கோபத்தில் எழுதுவதல்ல. இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது.

மறுபடி விதைக்கிற நேரம் வந்துவிட்டது. முந்தாநாள் அப்பா பையை எடுத்துக்கொண்டு விதைக்கடைக்குக் கிளம்பினார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, கடை பூட்டியிருக்கிறது என்றார். நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டு பார்த்தேன். கடை திறந்துதான் இருந்தது. நேற்று நானே போனேன். கடைக்காரர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அப்பாவோட முட்டி வலி எப்படிம்மா இருக்கு என்றுதான் முதலில் கேட்டார். நீ கேட்டாயா? நம் மண்ணுக்குத் திரளுகிற வெங்காய விதையை மடித்துக் கொடுத்து, நான் குடுத்ததா சொல்லாதே என்றார்.

நான் சொல்லவில்லை. பொட்டலத்தின் மடிப்பைப் பார்த்ததுமே அப்பா கண்டுபிடித்துவிட்டார். முகர்ந்து பார்த்தார். நல்ல விதை என்றார். அப்புறம் அலமாரியில் தூக்கி வைத்துவிட்டு, தம்பிக்கு எழுது, அதே விதைதான் வேண்டும் என்று சொல் என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அது இங்கே திரளாது என்று தெரிந்துமா கேட்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "இது திரண்டுடும்மா. திரண்டுட்டா அவன் அப்புறம் என்னத்தைக் கேப்பான்?"

தம்பி, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெங்காயம் மண்ணில் இருந்தவரை நீ ஞாயிறுதோறும் போன் செய்தாய். முளைச்சிருச்சா, தாள் விட்டுச்சா, காய் புடிச்சுதா என்று கேட்டாய். படம் வந்து சேர்ந்ததும் உன் போன் நின்றுவிட்டது. இந்த முறை படம் எடுக்கப் போவதில்லையாம். இன்னும் திரளவில்லை என்றே சொல்லிக்கொண்டிருப்பாராம்.

விதை அனுப்பாதே. அனுப்பினால் நானே அடுப்பில் போடுவேன். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். வெங்காயம் என்கிற பேச்சையே எடுக்காதே. முட்டி வலியைக் கேள், கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேள், அந்தக் கடைக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று சொல். கேட்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் சும்மாவாவது இரண்டு நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டு இரு. அவருக்கு அது போதும்.

விதை கேட்க இவ்வளவு எழுதணுமா என்கிறார் அப்பா. ஆசீர்வாதம் எழுத மறந்துவிடாதே, பாக்கெட்டை மட்டும் பத்திரமாக ஒட்டி அனுப்பச் சொல் என்கிறார். நீயும் உன் குடும்பமும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா ஆசீர்வதிக்கிறார். நீ போன் செய்த பிறகு நானும் ஆசீர்வதிக்கிறேன்.

உன் மேல் தீராத கோபத்தோடு,
அக்கா