கந்தசாமிக்குச் சொன்ன கதை

13-8-1967, ஞாயிறு

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கந்தசாமியைப் பார்த்தேன். பனியன் கம்பெனியில் என் பக்கத்து மெஷின்காரர். வெறும் சளி என்று போனவருக்கு டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஆள் பாதியாகிவிட்டார்.

எங்கள் இருவருக்கும் விஞ்ஞானக் கதைப் பைத்தியம். எனக்குச் சிறுகதை, அவருக்கு நாவல். "உங்க கதையெல்லாம் சூடு பிடிக்கறதுக்குள்ள முடிஞ்சு போயிருதுங்க" என்று கேலி செய்வார். அதனால் லெண்டிங் லைப்ரரியில் தேடி, தடிமனான நாவல் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதை முடிக்க எனக்கு நேரமிருக்குதுங்களா? சின்னக் கதையா ஒண்ணு சொல்லுங்க."

நிலாவில் தனியாக மாட்டிக்கொண்டவன் கதையை ஆரம்பித்தேன். அவன் காற்றுத் தீர்ந்து சாகிறான் என்பது பாதியில்தான் உறைத்தது. கந்தசாமி மூச்சு வாங்கியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிவை மாற்றினேன். பூமியிலிருந்து ராக்கெட் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றேன். சிறுகதை படிக்காதவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்.

தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"அந்தக் கதையை நானும் படிச்சிருக்கறனுங்க. சொன்னா நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொல்லலை. சாகறப்ப அவன் பூமியையே பார்த்துட்டு இருப்பானில்லீங்க?"

"ஆமாங்க."

"அதையே சொல்லியிருக்கலாமுங்க."

வீட்டுக்கு வந்ததிலிருந்து என் கதைப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு எந்தக் கதையைச் சொல்வது? எனக்குத் தெரிந்த கதைகளில் எல்லாம் கடைசியில் யாராவது ஒருவர்...