சருகு புரளாத இடம்

இன்று காலை தோப்புக்குள் கால் வைத்ததுமே டீசல் வாடை அடித்தது. தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற முருகேசன் கேனும் கையுமாக நின்றான். மேற்கு வரிசையில் கிடக்கும் மாஞ்சருகை எரித்துச் சுத்தம் பண்ணப் போகிறானாம். நீ போய்ச் சேர்ந்த பின் வந்த முதல் பங்குனி இது. அந்த வரிசையில் வருஷா வருஷம் பக்கிக் குருவி முட்டையிடும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான்தான் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

"செத்த பொறு. அங்க பக்கி அடைகாக்குது," என்றேன்.

அவன் எட்டிப் பார்த்தான். "ஒண்ணையும் காணோமே மாமா. வெறும் குப்பைல்லா கெடக்கு."

எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என்றைக்குத் தெரிந்தது? கூடு கட்டாமல் வெறுந்தரையில் முட்டையிட்டு, சருகின் நிறத்திலேயே உடம்பை வைத்துக்கொண்டு, மிதிக்கப் போனாலும் அசையாமல் கிடக்கும் பறவை அது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்கத் துணியை விரித்து, இழை விட்ட இடத்தைப் பிடிக்கிற வேலை உனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறி இந்த மலையடிவாரத்துக்கு வந்தால், அதே கண்ணால் பக்கியையும் பிடித்துவிடுவாய். நான் பக்கத்தில் நின்று முழிப்பேன்.

"பக்கியப் பாக்கத் தெரியாத பக்கியா இருக்கீகளே," என்று சிரிப்பாய். "பறவையத் தேடாதீக. சருகு தப்பா இருக்குற எடத்தத் தேடுங்க."

ஒரு வருஷம், மறுபடி கண்டுபிடிக்க வசதியாக இருக்கட்டுமே என்று அதன் பக்கத்தில் குச்சி நட்டு, பேண்டேஜ் துணிக் கிழிசலைக் கட்டிவைத்தேன். மறு வாரம் வந்தபோது முட்டை இல்லை. குச்சியில் காக்கை எச்சம் இருந்தது. நீ திட்டக்கூட இல்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "மறைஞ்சு கெடக்குறது ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். அதையும் நீங்க கெடுத்துட்டீக," என்றாய்.

இன்றைக்கு வரிசை ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"எம்புட்டு நேரம் மாமா?" முருகேசனுக்கு எரிச்சல்.

"தெரியுற வரைக்கும்."

வெகுநேரம் கழித்து மலையிலிருந்து காற்று இறங்கியது. சருகெல்லாம் சரசரவென்று புரண்டது. நாலாவது மரத்தடியில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் புரளவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி மூடிய ஒரு கண் தெரிந்தது. முதல் தடவையாக நானே கண்டுபிடித்தேன். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். பிறகு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"தெரிஞ்சிருச்சா? எங்கன்னு காட்டுங்க. அத மட்டும் விட்டுட்டு மத்தத எரிச்சிருதேன்," என்றான்.

"காட்ட மாட்டேன். இந்த வரிசை முழுசும் அப்படியே கெடக்கட்டும். குஞ்சு பறந்த பொறவு நானே கூட்டி அள்ளுதேன்."

"அத்தை இருந்தா காட்டியிருப்பாக."

"அவ காட்டியிருக்கவே மாட்டா."

முணுமுணுத்துக்கொண்டே கேனை மூடினான். நாளைக்கும் வருவேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த பங்குனிக்கும் வருவேன். உன் கண் எனக்கு வரப்போவதில்லை, உன் பிடிவாதம் வந்திருக்கிறது.

மேலே நாலாவது மரம் என்று எழுதியிருக்கிறேன். அது நாலாவது மரம் இல்லை. இந்தக் காகிதம் யார் கையில் சிக்குமோ, தெரியாது. எந்த மரம் என்று உனக்குத் தெரியும்.