ஓடினாரா, ஓடிப்போனாரா?

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் அக்கா வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பெரியவளுக்குச் சளி விட்டுவிட்டது. சின்னவன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் சுற்றுகிறான்.

கடிதம் கிடைத்தது. "கூட்டாளி ஒல்லியை ரத்தத்தோடு விட்டுவிட்டு ஓடிப்போனவன் நான், எந்த முகத்தோடு வருவேன்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. ஆலையில் விசாரணை முடியட்டும் என்று பதில் போடவில்லை. முந்தாநாள் முடிந்தது.

பேக்கிங் பிரிவிலிருந்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். யாரிடமும் சிரிக்காத நம் டைப்பிஸ்ட் அம்மாதான் வாக்குமூலங்களை அடித்தார். சூப்பர்வைசர் எடுத்த எடுப்பிலேயே, "ஒல்லியோட கை ரோலர்ல மாட்டினதும் இவர் மெஷினை விட்டுட்டு ஓடிப்போயிட்டார்" என்றார். அது பதிவானால் உங்கள் வேலை போய்விடும்.

அந்த அம்மா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஓடினார்னு அடிக்கவா, ஓடிப்போனார்னு அடிக்கவா?" என்று கேட்டார். ரெண்டும் ஒன்றுதானே என்றார் மேலாளர். "இல்லைங்க. ஓடிப்போனவர்னா தப்பிச்சவர். இவர் எங்கே ஓடினார்னு முதல்ல கேளுங்க" என்றார். காவலாளியைக் கேட்டார்கள். நீங்கள் மின்சாரத்தை நிறுத்தியது, செருப்பு அறுந்தும் நிற்காமல் மருந்தறைக்கு ஓடியது, ஸ்ட்ரெச்சரோடு திரும்பி ஓடி வந்தது, ஒல்லியை வண்டியில் ஏற்றியது எல்லாம் அவர் பார்த்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு நீங்கள் போனது அதற்கு அப்புறம்தானே.

மேலாளருக்கு மனசு இளகி, "அப்போ, உதவிக்கு விரைந்தார்னு போடுங்க" என்றார். அதற்கும் அந்த அம்மா ஒப்பவில்லை. "விரைந்தார்னா யாரோ தலைவர் மாலை போட்டுக்கப் போற மாதிரி இருக்கு. செருப்பு அறுந்து, வெறுங்காலோட ஓடியிருக்கார். ஓடினார்னே இருக்கட்டும்" என்றார். எனக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை வருடமாக அவரைச் சிடுமூஞ்சி என்று நாம் கேலி செய்ததற்கு வெட்கப்பட்டேன்.

நீங்கள் ஓடிப்போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் என்னைக் கூட்டிக்கொண்டு, எங்கள் அப்பாவுக்குப் பயந்து!

வெளியே வந்ததும் அந்த அம்மாவிடம் ஒன்று கேட்டேன். பன்னிரண்டு நாளாக நீங்கள் வராததை 'விடுப்பில் இருக்கிறார்' என்று போடலாமா என்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னையே பார்த்தார். "வரலைன்னா வரலைதாம்மா. அதுக்கு நான் வார்த்தை தேட முடியாது. அவர்தான் வரணும்" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. திங்கட்கிழமைக்குள் வந்தால் சேர்த்துக்கொள்வார்களாம்.

ஒல்லிக்கு இரண்டு விரல் போய்விட்டது. இடது கையால் சாப்பிடப் பழகுகிறார், பாதி சிந்துகிறது. நேற்று சாயங்காலம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். உங்கள் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "அவன் எப்ப வருவான்?" என்று மட்டும் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன்.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி